பெயிண்ட் படாத இடம்

எங்கள் துறையில் பெயிண்ட் அடிப்பதைப் பற்றி யாருக்காவது தனிக் கருத்து இருந்தால், படகுக்கார அக்காவின் காதில் விழாதபடி அதை வைத்துக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது. ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு பிரஷ் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்பாள். தெரியும் என்று வாயை விட்டவர்கள் அரை நாள் வேலை செய்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவளுடைய இரும்புப் படகில் நகக்கண் அளவுகூட வெறும் இரும்பு கண்ணில் படாது. கைப்பிடிகளுக்கு மஞ்சள், பக்கங்களுக்கு நீலம், அடிப்பாகத்துக்குச் செங்கல் நிறம். பெஞ்சுகளுக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்கப் போகாத மூலையில்கூடப் பெயிண்ட் பளபளக்கும்.

எனக்கு அக்கரையில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. காலையில் அந்தப் படகில் போய், சாயங்காலம் அதே படகில் திரும்புகிறவன். அதனால் அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதெல்லாம் கேட்காமலே என் காதுக்கு வந்துவிடும். அவர்கள் இந்த இடத்துக்காரர்கள் இல்லை. ஆற்றில் மேலே, நல்ல தண்ணீரில் அக்காவின் புருஷன் பல வருஷம் படகு ஓட்டினார். அங்கே பாலம் கட்டிவிட்டார்கள். பாலம் வந்த பிறகு படகில் யார் ஏறுவார்கள்? அக்காவின் தம்பி அதற்கு முன்பே இங்கே முகத்துவாரத்துக்கு வந்து வெல்டராக நல்ல பெயர் எடுத்திருந்தான். "இங்க பாலம் கட்ட இன்னும் பத்து எலெக்சன் ஆகும், வந்துடுங்க" என்று அவன்தான் கூப்பிட்டான். தன் வீட்டுக்கு முதுகோடு முதுகு ஒட்டிய ஒரு வீட்டையும் பார்த்துக் கொடுத்தான். ஆற்றோடு இறங்கி வந்த படகைக் கரையில் பழுது பார்க்கும் மேடையில் ஏற்றி, பின்பக்கம் இளைத்துப்போயிருந்த பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்ததும் அவன்தான். நாங்கள் அவர்களை நல்லதண்ணிக்காரர்கள் என்று கூப்பிட ஆரம்பித்தோம். அதில் கொஞ்சம் கேலி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

வந்து ஒரு வருஷம் நல்லபடியாகப் போனது. மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை, நடுவழியில், துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார்.

"யாராவது குடத்தைக் கவுத்துட்டீங்களா?"

யாரிடமும் குடம் இல்லை. படகுக்காரர் எஞ்சினை மெதுவாக்கிவிட்டு, பின்பக்கம் காலடிப் பலகையைப் பெயர்த்தார். அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, புதுத் தகட்டின் ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றது.

"வெல்டு விட்டுப்போச்சு," என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் படகு நிறைய ஆட்கள், ஆளுக்கு இரண்டு காதுகள். நான் தொழிற்சாலையில் உடை மாற்றி முடிப்பதற்குள் அந்தப் பேச்சு எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வெல்டர் தன் அக்கா படகிலேயே கையைக் காட்டிவிட்டானாம். சொந்தப் படகுக்கே இப்படியென்றால் அடுத்தவன் படகுக்கு எப்படிச் செய்வான் என்று பேசிக்கொண்டார்கள். வெல்டருக்குச் சோறு போடுவது அவன் பெயர்தான். அவன் ஒட்டியது பிரியாது என்று நம்பித்தான் நாலு உயிர் நடுத் தண்ணீருக்குப் போகிறது.

படகுக்காரர் அந்த ஓட்டையில் கட்டை ஆப்பு அடித்து, தாரும் துணியும் வைத்து அடைத்தார். மேடையில் ஏற்ற முறை வரும்வரை, பயணிகளைக் குறைத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் தண்ணீரை இறைத்துக்கொண்டு ஓட்டினார். சாயங்காலம் மச்சினன் வீட்டு வாசலுக்கே போய் அவனைப் பிடித்துக்கொண்டார். வெல்டர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டையோடு நின்றிருந்தான்.

"என் வெல்டுல தப்பு இருக்காது மாமா. தகடு போயிருக்கும். மேல ஏத்தி அடியைப் பாத்தாத்தான் தெரியும்."

"தகடு போச்சாம். ஆத்துல இருந்த வரைக்கும் ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல. இங்க வந்ததும் நீ கை வச்ச. நீ கை வச்ச இடத்துலதான் ஓட்டை."

"ஆத்துத் தண்ணி வேற, இது உப்புத்தண்ணி மாமா."

"அது எனக்குத் தெரியாதா? உப்புன்னா துருப்பிடிக்கும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அதுக்குத்தான உங்கக்கா மூணு கோட் அடிச்சிருக்கா. பெயிண்ட் மேல குத்தம் சொல்லுவியா நீ?"

"பெயிண்டைச் சொல்லல மாமா."

"அப்ப வெல்டுதான்."

பின்னாலேயே வந்த அக்கா தெருவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான். அவளும் சொன்னாள்.

"அன்னிக்கு நீ வேற வேலைக்கு அவசரமா ஓடினியே தம்பி. ஏதாவது ஒரு இடம் விட்டுப் போயிருக்குமோ?"

சண்டையை முடிக்க நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். சண்டை முடிந்துதான் போனது. தம்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் நிஜமாகவே சுவர் ஆயிற்று. அக்கா குழாயடிக்கு வந்தால் தம்பி பெண்டாட்டி பாதிக் குடத்தோடு நகர்ந்துவிடுவாள்.

அவனுக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்', 'எஞ்சின் வேலை முடியட்டும்' என்று நழுவினார்கள். மேடை மேஸ்திரி மட்டும் கேட் சட்டம், தண்ணீர்த் தொட்டி என்று கரையில் நிற்கிற சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். படகின் அடிப்பாகத்தை ஒட்டிப் பழகியவனுக்குக் கேட் சட்டம் ஒட்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூரத்தில் ஏதோ ஒரு பெரிய கப்பல் கட்டும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போக முடிவு செய்துவிட்டான். இது குழாயடி வழியாகத்தான் அக்காவுக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு அவள் சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள்.

படகு மேடையில் ஏறும் முறை ஒருவழியாக வந்தது. மேடை என்றால், தண்ணீருக்குள் இறங்கிப் போகிற ஒரு சிமெண்டுச் சரிவு. அதில் தண்டவாளம் போட்டு, சக்கர வண்டியில் படகைத் தூக்கி வைத்து, இரும்புக் கயிற்றால் மேலே இழுப்பார்கள். தண்ணீரில் துள்ளிக்கொண்டு திரிகிற படகு மேலே வந்ததும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த ஆள் மாதிரி ஆகிவிடும். மறைத்து வைத்ததெல்லாம் வெளியே தெரியும். உள்ளூர் வெல்டர் வேண்டாம் என்று படகுக்காரர் அடுத்த துறையிலிருந்து ஓர் ஆளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வர ஒரு நாள் இருந்தது. அதற்குள் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்கா சுரண்டியும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் போனாள்.

பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு மீன்பிடிப் படகு நின்றது. அதன் சொந்தக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் சங்கு. அவளுடைய குரல் ஆலைச் சங்கு மாதிரி எட்டூருக்குக் கேட்கும். புருஷன் போன பிறகு படகை விற்கச் சொன்னவர்களை விரட்டிவிட்டு, ஆள் வைத்துத் தானே நடத்துகிறவள். அவளும் தன் படகின் அடியைப் பார்க்க வந்திருந்தாள்.

"என்னடி நல்லதண்ணி, சுரண்டிச் சுரண்டிப் படகையே கரைச்சிடாத."

"அழுக்கு போகணும்ல அக்கா."

ஒட்டியிருந்த சிப்பிகளும் பாசியும் கொட்டக் கொட்ட, அக்கா பின்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே போனாள். தண்ணீரைத் தள்ளுகிற எஞ்சின் விசிறிக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும், தம்பி ஒட்டி வைத்திருந்த கட்டிகள் தெரிந்தன. ஒரு சோப்புக் கட்டி அகலத்துக்குத் துத்தநாகம். மேடையில் எல்லாரும் ஜிங்க் என்பார்கள். சிப்பியைத் தட்டியதும் உள்ளே செங்கல் நிறப் பெயிண்ட் கீறல் இல்லாமல் பளபளத்தது. அக்காவுக்குப் பெருமை பொங்கியது. பல நாளாக அவளுக்குப் பெருமைப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்துப் படகில் இதே இடத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே இருந்த கட்டிகள் பாதிக்கு மேல் காணாமல் போய், குழி குழியாக, வெள்ளை மாவு பூத்துக் கிடந்தன.

"உங்க கட்டியைப் பாருங்கக்கா, எலி கடிச்ச சோப்பு மாதிரி ஆயிடுச்சு. இங்க வந்து எங்களோடதைப் பாருங்க. வச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. பெயிண்ட்னா இதுதான் பெயிண்ட்."

சங்கு குனிந்து வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சங்கு பேசாமல் இருந்தது துறையின் சரித்திரத்திலேயே அபூர்வம்.

"ஜிங்க்குக்குமா பெயிண்ட் அடிச்ச?"

"மூணு கோட்."

சங்கு அப்படியே பலகையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மேடையில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். குரலைத் தணித்தாள். அவள் தணித்தாலும் அது நம்முடைய சாதாரணக் குரல்தான்.

"இங்க உக்காரு. அது தின்னுட்டுப் போறதுக்குன்னே வைக்கிறதுடி. உன் விசிறி என்ன, பித்தளையா வெண்கலமா?"

"வெண்கலம்."

"படகு இரும்பு. ரெண்டு தினுசு உலோகம் ஒட்டிக்கிட்டு ஒரே தண்ணியில நின்னா, அது பேட்டரிதான். கரண்டு ஓடும். ஓடறப்பெல்லாம் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரையும்."

"ஆத்துலயும் இதே விசிறிதானக்கா இருந்துச்சு. ஒண்ணும் ஆகலையே."

"ஓடுறதுக்கு வழி வேணும்ல? நல்ல தண்ணி ஒத்தையடிப் பாதை மாதிரி. கரண்டு முட்டி மோதி மெதுவா நடக்கும். நீ சாகுற வரைக்கும் படகு அப்படியே இருக்கும். உப்புத்தண்ணி தார் ரோடு. உப்பு கரைஞ்சு கிடக்கிற தண்ணியில கரண்டு பஸ் பிடிச்சுப் போகும். அதான் அங்க பத்து வருஷத்துல ஆகாதது இங்க ஒரே வருஷத்துல ஆகுது."

"பெயிண்ட் தடுக்காதா?"

"பெயிண்ட் இருக்கிற இடத்துல தடுக்கும். நீ தெனமும் எத்தனை வாட்டிக் கரை தட்டற? மணல்ல உரசி ஒரு பொட்டு இடம் உரிஞ்சா போதும். மொத்தப் பசியையும் அந்த ஒரு பொட்டுல காட்டும். அதுக்குத்தான் ஜிங்க்கை வைக்கிறது. இரும்பை விட அது சீக்கிரம் கரையும். 'அவனை விடு, என்னைத் தின்னு'ன்னு முன்னால போய் நிக்கும். தண்ணி அதைத் தொட்டாத்தான அதெல்லாம். நீ அதுக்குச் சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, மேல கோட்டும் போட்டு விட்டிருக்க."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு படகைத் தண்ணிக்குத் தின்னக் கொடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு முன்னாடி எவ சொல்லிக் கொடுத்தா?"

அக்கா எழுந்து ஓட்டை இருந்த இடத்துக்குப் போனாள். சுரண்டியைப் போட்டுவிட்டு விரலாலேயே தடவினாள். தம்பியின் வெல்டு, தகட்டின் ஓரம் முழுக்க, வரி வரியாகத் தடித்து அப்படியே நின்றது. அதை ஒட்டிப் பெயிண்ட் உரிந்த இடங்களில்தான் தகடு அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. அதில் ஒரு பள்ளம்தான் ஆழமாகிப் போய் மறுபக்கம் திறந்திருந்தது.

"தையல் கெட்டியா நிக்குதுக்கா," என்றாள். "துணிதான் நைஞ்சிருக்கு."

 கையைக்கூடக் கழுவாமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். தன் வீட்டுக்குப் போகாமல், சுற்றிக்கொண்டு தம்பி வீட்டு வாசலுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உள்ளதான் இருக்காரு அண்ணி," என்று முகம் பார்க்காமல் சொன்னாள். உள்ளே அவன் வெல்டிங் முகமூடியைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த ஜிங்க் கட்டிக்கு நான் பெயிண்ட் அடிச்சிட்டேன்."

அவன் கயிற்றை விட்டான். "என்னக்கா சொல்ற?"

"மூணு கோட் அடிச்சிட்டேன்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அழுகிறான் என்று அவள் பயந்தாள். பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஒரு கோட்டே போதுமேக்கா. மூணு எதுக்கு?" அப்புறம் சிரிப்பு நின்றது. "நான் மாமாகிட்ட சொன்னேனே. அந்தக் கட்டியில மட்டும் பிரஷ் படக்கூடாது, அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு. தலையாட்டினாரே."

"சொன்னியா?"

"ஆமாக்கா. மறுநாள் சாயங்காலம் நான் திரும்பி வந்தப்ப படகு தண்ணியில இறங்கியாச்சு. நீ அடிச்சிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கையில் இருந்த துரு சுவரிலும் ஒட்டியது. "அவரு சொல்லாததை விடு. நீ தப்பா வேலை செஞ்சிருப்பேன்னு நான் நெனச்சேனே. அதைத்தான்டா என்னால தாங்க முடியல."

"எனக்கும் அதுதான்கா வலிச்சுது. மாமா பேசினது கூட இல்ல." மறுபடியும் கயிற்றை எடுத்தான். "இப்ப நாம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. துறை முழுக்கப் பேசியாச்சு. நாளன்னிக்கு பஸ்சு."

"துறை முழுக்கப் பேசினதைத் துறை முழுக்க மாத்திப் பேச வைக்கிறேன். நாளைக்குக் காலைல மேடைக்கு வா."

"எல்லார் முன்னாடியும் மாமாவை விட்டுக்கொடுத்துடாதக்கா. வேணாம்."

"அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் தப்பைச் சொல்ல எனக்கு யாரைக் கேக்கணும்?"

வீட்டில் அவள் புருஷனிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குள் சொன்னால் 'சரி விடு' என்பார், விஷயம் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகும். வெளியே போன பெயர் வெளியேதான் நிற்கும்.

மறுநாள் காலை மேடையில் நல்ல கூட்டம். படகு ஓடாததால், யாராவது மீன்காரர் அக்கரையில் கொண்டுபோய் விடமாட்டாரா என்று நானும் தையல்காரரும் இன்னும் நாலைந்து பேரும் அங்கேதான் நின்றிருந்தோம். டீ வந்திருந்தது. அடுத்த துறை வெல்டர் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீயை ஊதிக்கொண்டிருந்தார். படகுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விசிறியின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெல்டர், நம் வெல்டர், தூரத்தில் டீசல் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். அவனிடம் கருவி எதுவும் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றாள் அக்கா. ஒருவரும் கேட்கவில்லை. சங்கு ஒரு தடவை, "ஏய், வாயை மூடுங்க எல்லாரும்," என்றாள். கிரைண்டர்கூட நின்றது.

"இந்தப் படகுல ஓட்டை விழுந்தது வெல்டால இல்ல," என்றாள் அக்கா. "ஜிங்க்குக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. நான் அடிச்சிட்டேன். அதனாலதான் தகடு போச்சு. என் தம்பி ஒட்டினது ஒரு நூல் கூடப் பிரியல. குனிஞ்சு பாக்கத் தெரிஞ்சவங்க வந்து பாருங்க. இத்தனை நாளா அவன் பேரு கெட்டது என்னாலதான். இனிமே யாராவது அவன் வேலையைக் குத்தம் சொன்னா, எங்கிட்ட வந்து சொல்லுங்க."

 ஒரு வார்த்தையைக்கூட அவள் விழுங்கவில்லை. மேஸ்திரி குனிந்து அடியில் போனார். அடுத்த துறை வெல்டரும் டீ கிளாசோடு பின்னாலேயே போனார். "வெல்டு சுத்தமா இருக்குது," என்று உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது.

படகுக்காரர் கழற்றிய நட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அவ மேல தப்பில்ல. மாப்ள எங்கிட்ட சொன்னாரு, கட்டியில பெயிண்ட் படக்கூடாதுன்னு. நான்தான் அவகிட்ட சொல்லல."

"மறந்துட்டீங்களா?" என்றாள் சங்கு.

"மறக்கல." அவர் பஞ்சைக் கசக்கினார். "இவகிட்டப் போயி, ஒரு இடத்தை மட்டும் விட்டுட்டு அடின்னு யாரு சொல்றது? நீங்க யாராவது சொல்லுவீங்களா? ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருப்பா. கொஞ்சூண்டு பெயிண்ட் பட்டா என்ன ஆகிடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டை விழுந்தப்ப அந்த நெனப்பு வரல. சத்தியமா வரல. வெல்டுன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் மாத்திக்க மனசு வரல. அதுதான் என் தப்பு."

ஆற்றிலும் கடலிலும் ஒருவருக்கும் வழிவிட்டுப் பழகாத மனுஷன் அவர். பீப்பாய்கள் இருந்த பக்கம் நடந்து போனார். நாங்கள் எல்லாரும் வேறு எதையோ பார்ப்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஊருக்குப் போறியாமே மாப்ள."

"ஆமா மாமா."

"போறதுன்னா போ. இந்தத் தகட்டை நீ போட்டுட்டுப் போ. வேற யாரு போட்டாலும் நடுத் தண்ணியில எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்."

வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

"முகமூடியை மூட்டை கட்டிட்டேன்," என்றான்.

அடுத்த துறை வெல்டர் படகுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தன் முகமூடியை நீட்டினார். "இந்தாங்க, இதைப் போட்டுக்குங்க. கண்ணாடியில ஒரு கீறல் இருக்கு, கொஞ்சம் பாத்து." அப்புறம் மேஸ்திரியிடம், "எனக்கு இன்னொரு டீ சொல்லுங்க," என்றார். வீண் பயணம் வந்தோம் என்று அவர் ஒரு முணுமுணுப்புகூடக் காட்டவில்லை. அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

பள்ளம் விழுந்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிது வைத்தார்கள். படகுக்காரரே வெல்டிங் கேபிளைத் தோளில் போட்டு இழுத்துக் கொடுத்தார். விசிறியைச் சுற்றிப் புது ஜிங்க் கட்டிகள் ஏறின. வெல்டர் ஒவ்வொன்றின் மேலும் சுண்ணக்கட்டியால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டான். பெயிண்ட் அடிக்கும் முறை அக்காவுக்கு வந்தபோது மேடை முழுவதும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அவள் கட்டிகளைப் பழைய செய்தித்தாளால் சுற்றி நூல் போட்டுக் கட்டினாள். சுற்றியிருந்த இடமெல்லாம் வழக்கம்போல இழுத்து இழுத்து அடித்தாள். பெயிண்ட் காய்ந்ததும் தாளைக் கிழித்தாள். நீளமான செங்கல் நிறத்துக்கு நடுவில் சாம்பல் நிறக் கட்டிகள் வெறுமையாகத் துருத்திக்கொண்டு நின்றன.

"ஓரத்துல மட்டும் லேசா..." என்று இழுத்தாள்.

"அக்கா," என்று ஆறேழு பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் பிரஷைப் பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டாள்.

படகு தண்ணீரில் இறங்கிய அன்று பலகையைப் பெயர்த்து வைத்துவிட்டு, மாமனும் மச்சினனும் உள்ளே வெறுங்காலோடு நின்றார்கள். முகத்துவாரத்தின் நடுவரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். அடித்தளம் காய்ந்தே கிடந்தது. "சொட்டு இல்ல," என்று படகுக்காரர் கரையைப் பார்த்துக் கத்தினார். அது வேண்டியவர்கள் காதிலெல்லாம் விழுந்தது.

அக்கா அன்று விடிந்ததிலிருந்து சமைத்திருந்தாள். சோறு, வறுத்த மீன், கீரை, தம்பிக்குப் பிடிக்கும் என்று தனியாக நாலு முட்டை. எல்லாவற்றையும் மேடைக்கே தூக்கிக்கொண்டு வந்து, நிழலில் பாயை விரித்து, தட்டு வைத்துக் காத்திருந்தாள். அவன் கரையில் குதித்ததும் பாயைத் தாண்டி வேகமாக நடந்தான்.

"எங்கடா போற? உக்காரு."

"நேரமில்லக்கா. சங்கக்கா படகுல சட்டம் விட்டுப்போயிருக்காம், இன்னிக்கே முடிக்கணுங்கறாங்க. அதுக்கப்புறம் மேஸ்திரி இன்னும் ரெண்டு படகு சொல்லியிருக்காரு."

"அப்ப ஊருக்கு?"

"ஊருக்குப் போக எங்கக்கா நேரம்?"

அவன் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் படகுக்கு அடியில் பொறி பறந்தது. அக்கா முட்டை வைத்த தட்டை இன்னொரு தட்டால் மூடினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

படகுக்காரர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு சமைச்சு வச்சிருக்க, அவன் ஒரு வாய் கூடத் தின்னாமப் போறான். உனக்குச் சிரிப்பு வருதா?"

"போகட்டும் விடுங்க," என்றாள். "அவனுக்கு வேலை இருக்கு."